"ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். பாதி உண்மை. உள்ளே ஏதோ இருக்கிறது என்பது தெரியும், என்ன இருக்கிறது என்பது தெரியாது. கோபமா, பயமா, வெட்கமா, வெறும் தலைவலியா என்று பிடிபடாமல், "ஏதோ சரியில்ல" என்ற அளவிலேயே எதிரில் இருப்பவர் நின்றுபோகிறார். மீதியை அவரே கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். அந்தக் கற்பனை பெரும்பாலும் அவரைப் பற்றியதாகவே இருக்கும்: "நான் என்ன பண்ணினேன்?"

உணர்வை மறைப்பவரின் கணக்கு வேறு. தான் படும் பாடு எப்படியும் வெளியே தெரிந்துவிடும் என்று அவர் நினைக்கிறார். 1998இல் தாமஸ் கிலோவிச், கென்னத் சாவிட்ஸ்கி, விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதைச் சோதித்தார்கள். சிலருக்குப் பானங்கள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று வாயில் வைக்க முடியாத சுவை. எது அது என்று முகத்தில் காட்டக்கூடாது. குடித்தவர்கள் தங்களை எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று ஊகித்தார்களோ, அதைவிடக் குறைவானவர்களே கண்டுபிடித்தார்கள். நம் உள்ளம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்ற மயக்கம் இது. "நான் எவ்வளவு கஷ்டத்துல இருந்தேன், பார்த்தா தெரியாதா?" என்று வீட்டில் வெடிக்கும் சண்டைக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். பார்த்தால் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே அத்தனை பாடுபட்டது! ஒரே ஆள் மறைக்கவும் செய்கிறார், மறைத்ததை மற்றவர் படித்துக்கொள்ள வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்.

மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி, இந்தப் பேச்சை மறைப்பவரின் உடல்நலத்தோடு முடித்துவிடுகிறோம். உடம்புக் கதை உண்டுதான். ஆனால் மறைப்பு முதலில் போய் அடிப்பது எதிரில் உட்கார்ந்திருப்பவரை. இந்தப் பக்கம் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

எதை மறைப்பு என்கிறோம்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அறிவுரை முழுக்கக் குழம்பிவிடும். "அடக்கிக்கிட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது மூன்று வேறு வேலைகளில் ஒன்றைச் செய்திருப்பார்.

ஒன்று, உணர்வு வந்துவிட்ட பிறகு முகம், குரல், கை அசைவு ஆகியவற்றைப் பிடித்து நிறுத்துவது. இரண்டு, நினைப்பையே விரட்டப் பார்ப்பது. மூன்று, உணர்வு முற்றுவதற்குள் நிலைமையை வேறு விதமாகப் பார்ப்பது: "அவர் என் மேல் எரிந்து விழவில்லை, காலையிலிருந்து அவருக்கு அலைச்சல்" என்பதுபோல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே அமைதியாகத்தான் தெரியும். விளைவுகள் மட்டும் வெவ்வேறு.

இரண்டாவது வேலை ஆகாத வேலை என்பதை டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை வைத்துக் காட்டினார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்று சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டது முதல் வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை. எந்த நேரத்தில் தலையிடுகிறோம் என்பதே அவர் சொல்லும் கணக்கு. உணர்வு உருவாகும் கட்டத்தில் தலையிட்டால் உள்ளே இருப்பதும் குறைகிறது, வெளியே தெரிவதும் குறைகிறது. முழுதாக வந்த பிறகு முகத்தை மட்டும் பிடித்தால் வெளியே தெரிவது மட்டும் குறைகிறது. அடுப்பை அணைப்பதற்கும் கொதிக்கும் பானையின் மூடியை அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். மூடியைப் பிடித்திருக்கும் கைக்கு வேறு வேலை செய்ய முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

இதற்குள்ளும் நுட்பங்கள் உண்டு. வெளிக்காட்டும் முறையை மனிதர்கள் நான்கு விதமாகத் திருத்துகிறார்கள் என்று பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1969இலேயே பட்டியலிட்டார்கள்: கூட்டிக் காட்டுவது, குறைத்துக் காட்டுவது, எதுவுமே இல்லாததுபோல் வைத்துக்கொள்வது, ஒன்றின் மேல் வேறொன்றைப் போர்த்துவது. கடைசி வகையில் அதிகம் பயன்படும் போர்வை சிரிப்பு. வாயோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை அவ்வளவு சுலபமாகக் கேட்காது. இதை டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் எழுதிவிட்டார். வாய் சிரிக்க, கண் சும்மா இருக்கும் முகத்தைப் பார்த்தால் குழந்தைகூட ஒரு கணம் தயங்குவது அதனால்தான்.

மூடியைப் பிடித்திருக்கும் கை

கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1997இல் 180 பெண்களுக்குச் சோகமான, வேடிக்கையான, எந்த உணர்வும் எழுப்பாத படத்துண்டுகளைக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம், என்ன தோன்றினாலும் பார்ப்பவருக்குத் தெரியாதபடி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முகத்தில் தெரிவது குறைந்தது. சோகப் படத்திலும் வேடிக்கைப் படத்திலும் இதயமும் ரத்தக்குழாய்களும் சாதாரணமாகப் பார்த்தவர்களைவிட அதிக முறுக்கத்தில் இருந்தன. உணர்வே எழுப்பாத படத்தில் அந்த முறுக்கம் இல்லை. ஆகவே முகத்தை அசைக்காமல் வைப்பதில் சிரமமில்லை, எழுந்துவரும் ஒன்றைத் தடுப்பதில்தான் சிரமம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. வேடிக்கையை மறைத்தவர்களுக்கு வேடிக்கை உணர்வே குறைந்துபோனது. சோகத்தை மறைத்தவர்களுக்குச் சோகம் குறையவில்லை. நல்லது தேய்கிறது, கெட்டது அப்படியே நிற்கிறது. "நான் துக்கத்தை மட்டும்தான் காட்டுவதில்லை, சந்தோஷத்தைக் காட்டுவேன்" என்று சொல்பவர்கள் உண்டு. நடைமுறையில் அப்படித் தேர்ந்தெடுத்து மூடுவது கடினம். முகம் ஒன்றுதான், கதவும் ஒன்றுதான். மறைப்பதைப் பழக்கமாகக் கொண்டவர்கள் மகிழ்ச்சியையும் குறைவாகவே வெளிப்படுத்துகிறார்கள் என்று கிராஸும் ஆலிவர் ஜானும் 2003இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

அடுத்தது நினைவாற்றல். வீட்டிலும் அலுவலகத்திலும் இதன் பாதிப்பு பெரிது, கவனிக்கப்படுவது குறைவு. ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் காயமடைந்த மனிதர்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொருவரைப் பற்றியும் பெயர், தொழில், எப்படி அடிபட்டது என்ற தகவல்களையும் சொன்னார்கள். முகத்தில் எதுவும் காட்டாமல் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள் அந்தத் தகவல்களைப் பின்னால் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியது. மறைக்கும்போது உள்ளே ஓர் ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது: "காட்டாதே, குரல் உடைகிறது, நேரே பார், இப்போது தலையாட்டு." அந்த ஓட்டம் சொற்களால் ஆனது. எதிரே இருப்பவர் பேசுவதும் சொற்கள்தான். இரண்டுக்கும் இடம் போதவில்லை. நிலைமையை வேறு விதமாகப் பார்த்தவர்களுக்கு இந்த இழப்பு இல்லை.

வாக்குவாதத்தில் கொந்தளிப்பை மறைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தவர், இரண்டு நாள் கழித்து "நீ அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார். பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் காதில் விழுந்தது, உள்ளே பதியவில்லை. முக்கியமான முடிவுகளை அப்படிப்பட்ட உரையாடலில் எடுத்தால், முடிவை ஒரு தாளிலோ குறுஞ்செய்தியிலோ எழுதி இருவரும் பார்த்துவிடுவது நல்லது. சொன்னாயா சொல்லவில்லையா என்ற அடுத்த சண்டைக்கு வேலையில்லாமல் போகும்.

எதிரில் இருப்பவரின் ரத்த அழுத்தம்

2003இல் எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் செய்த ஆய்வுதான் இந்த விஷயத்தின் நடுத்தூண். முன்பின் அறியாத பெண்கள் இருவர் இருவராக வந்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுக்குப் பிந்தைய காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தார்கள். பிறகு அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேச வேண்டும். சில ஜோடிகளில் ஒருத்தியிடம் மட்டும், உணர்வைக் காட்டாமல் பேசு என்று ரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தது. அவளோடு பேசிய மற்றவளுக்கு இது தெரியாது.

மறைத்தவள் பேச்சில் கவனம் சிதறியவளாக இருந்தாள், எதிர்வினை காட்டுவது குறைந்தது. எதிரில் இருந்தவளுக்கு நெருக்கம் உண்டாகவில்லை, இவளோடு நட்பாகத் தோன்றவில்லை. இதற்கு மேல்தான் விஷயம்: ஒன்றுமே அறியாத அந்த எதிராளியின் ரத்த அழுத்தமும் ஏறியது. நிலைமையை மாற்றி எண்ணிப் பேசச் சொல்லப்பட்டவளின் எதிரில் இருந்தவளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, பேசுபவர் அமைதியாக இருப்பது எதிராளியைத் தொந்தரவு செய்யவில்லை. மூடியை அழுத்திப் பிடித்த அமைதிதான் தொந்தரவு செய்தது.

பேச்சு என்பது சொல்லை மாறி மாறி எறிவது மட்டுமில்லை. நாம் ஒன்று சொல்லும்போது எதிரே புருவம் சற்று உயர வேண்டும், "ம்" என்ற ஒலி சரியான இடத்தில் விழ வேண்டும், சோகம் சொன்னால் முகத்தில் ஒரு நிழலாவது ஓட வேண்டும். சொன்னது போய்ச் சேர்ந்தது என்பதற்கு ரசீது அதுதான். ரசீது வராவிட்டால் பேசுபவர் திரும்பச் சொல்வார், விளக்குவார், குரலை உயர்த்துவார், அல்லது பேச்சைச் சுருக்கிக்கொள்வார்.

இதன் அப்பட்டமான வடிவத்தை எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் சில மாதக் குழந்தைகளிடம் காட்டினார். தாய் முதலில் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சி விளையாட வேண்டும். பிறகு சில நிமிடம் குழந்தையைப் பார்த்தபடியே முகத்தைச் சலனமில்லாமல் வைக்க வேண்டும். பிறகு பழையபடி விளையாட வேண்டும். நடுவில் குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் எழுப்புகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. தாய் மறுபடி சிரித்த பிறகும் உடனே தெளிவதில்லை, கொஞ்ச நேரம் சிணுங்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் இதே வரிசையைத்தான் நாகரிகமாகச் செய்கிறார்கள்: கிண்டல் செய்து பார்ப்பது, "என்ன ஆச்சு?" என்று கேட்பது, மறுபடி கேட்பது, கடைசியில் போனை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்வது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு மறைத்தவர் "பார்த்தியா, யாருக்கும் அக்கறை இல்ல" என்று முடிவு செய்கிறார். முன்னால் நடந்த மூன்று கட்டங்களும் அவர் கணக்கில் ஏறுவதில்லை.

பகை வராது, நெருக்கமும் வராது

கல்லூரியில் புதிதாகச் சேர்பவர்கள் இதைக் கவனிக்க நல்ல களம். பழைய நட்பெல்லாம் விட்டுப்போய், எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. சஞ்சய் ஸ்ரீவாஸ்தவாவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்களைக் கல்லூரி தொடங்கும் முன்பும் முதல் பருவத்திலும் தொடர்ந்து கவனித்தது. உணர்வை அதிகம் மறைத்தவர்களுக்குப் பருவ முடிவில் கிடைத்த ஆதரவு குறைவு, மற்றவர்களோடு நெருக்கம் குறைவு, தன் நட்பு வட்டத்தைப் பற்றிய திருப்தியும் குறைவு.

இவர்களை யாரும் வெறுப்பதில்லை. நல்ல பையன், தொந்தரவு இல்லாத பொண்ணு என்றே பெயர். அதனாலேயே இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. சண்டை வந்தால் ஏதோ கோளாறு என்று உறைக்கும். இங்கே எதுவும் நடப்பதில்லை, நடக்க வேண்டியது நடக்காமல் போகிறது. ஒருவர் தன் கவலையில் ஒரு பிடியைச் சொன்னால் அடுத்தவரும் ஒரு பிடி சொல்வார், அப்படி மாறி மாறித்தான் நட்பு ஆழம் போகிறது. ஒரு பக்கம் காலியாகவே வந்துகொண்டிருந்தால் மறுபக்கமும் நாளடைவில் அளந்து போட ஆரம்பிக்கும். உதவியின் கதையும் அப்படித்தான். காய்ச்சல் என்று தெரிந்தால் மாத்திரை வாங்கி வருவார்கள். தெரியாவிட்டால் யார் வருவது?

இதே ஒன்று ஒரு கூட்டத்துக்கே நடக்கும்போது விசித்திரமான நிலை உண்டாகிறது. அலெக்சாண்டர் ஜோர்டானும் மற்றவர்களும் 2011இல் காட்டியது: மற்றவர்கள் படும் துன்பத்தின் அளவை மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். துன்பம் தனியறையில் நடக்கிறது, வெளியே வரும்போது முகம் துடைக்கப்பட்டுவிடுகிறது. நாற்பது பேர் அறையில் நாற்பது பேரும் மறைத்தால், ஒவ்வொருவருக்கும் தெரிவது முப்பத்தொன்பது நல்ல முகங்கள். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் பிறக்க வேறொன்றும் வேண்டாம். அந்த எண்ணம் வந்தவர் இன்னும் கவனமாக மறைப்பார்.

வேலையிடத்துக்கு வந்தால், ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து எழுதியது இன்றும் பொருந்துகிறது. சம்பளத்துக்காக உணர்வைச் சீர்படுத்திக்கொள்வதும் உழைப்புதான் என்றார் அவர். அந்த உழைப்பில் இரண்டு வகை: முகத்தில் மட்டும் நடிப்பது, உள்ளேயும் அந்த மனநிலையை வரவழைத்துக்கொள்வது. முகத்தில் மட்டும் நடிப்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். ஒரு குழுவுக்குள் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. பயத்தையும் சந்தேகத்தையும் காட்டக்கூடாத இடத்தில் கெட்ட செய்தி மேலே போகாது. "இந்தத் தேதிக்குள் முடியாது" என்பது முதலில் ஒருவர் வயிற்றைக் கலக்கும் பயமாகத்தான் தொடங்குகிறது. பயத்தை மறைத்தவர் தகவலையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்.

மறைப்பது எப்போதும் தவறா?

இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிடு என்ற அறிவுரை இதைவிட மோசம்.

எல்லா இடத்திலும் மறைப்பின் பாதிப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. பட்லரும் கிராஸும் 2007இல் பார்த்தபோது, அடக்கத்தை மரியாதையாகக் கருதும் ஆசிய விழுமியங்கள் கொண்டவர்களிடம் மறைப்பின் சமூகப் பாதிப்பு குறைந்திருந்தது. பெரியவர் முன் கோபத்தைக் காட்டாதது அவர் மேல் உள்ள மதிப்பு என்று இருவருக்கும் தெரிந்திருந்தால், அது மறைப்பே இல்லை, ஒரு செய்தி. அச்சத்தால் மறைப்பதும் அக்கறையால் மறைப்பதும் ஒன்றில்லை.

ஜார்ஜ் பொனானோ நியூயார்க் கல்லூரி மாணவர்களை 2001 செப்டம்பர் தாக்குதலை ஒட்டிய காலத்திலிருந்து கவனித்தார். உணர்வைக் கூட்டிக் காட்டவும் அடக்கிக் காட்டவும் எத்தனை வல்லமை என்று ஆய்வகத்தில் அளந்தார். இரண்டாம் ஆண்டு முடிவில் மனத்துயர் குறைவாக இருந்தவர்கள், இரண்டையும் செய்யக்கூடியவர்கள். அறுவை செய்பவர் கத்தியைப் பிடித்திருக்கும்போது கலங்கக்கூடாது. விபத்து நடந்த இடத்தில் குழந்தை முன்னால் கதறக்கூடாது. கதவு இருப்பதில் தப்பில்லை, கீல் துருப்பிடிக்காமல் இருந்தால் சரி.

கொட்டித் தீர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களைக் கோபப்படுத்தி, சிலரை அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தச் சொன்னார். அவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே இருந்தது. தலையணையைக் குத்து, கத்தித் தீர் என்ற யோசனைகளை விட்டுவிடலாம்.

இன்னொரு வகையினரையும் சொல்லிவிட வேண்டும். சிலர் மறைப்பதில்லை, அவர்களுக்கே தங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பெயர் சொல்லத் தெரிவதில்லை. "வயிறு என்னமோ பண்ணுது" என்பார்கள், பயம் என்று சொல்லத் தோன்றாது. வெளியிலிருந்து பார்த்தால் கல்மனம்போல் இருக்கும். இவர்களிடம் "ஏன் மறைக்கிற?" என்று நெருக்கினால் எதுவும் வராது. "கோபம் மாதிரியா, பயம் மாதிரியா, ஏமாந்த மாதிரியா?" என்று சொற்களை எடுத்துக் கொடுத்தால் தேர்ந்தெடுப்பார்கள்.

எப்படிச் சொல்வது

சிறிதாக, சீக்கிரமாக. பத்துக்கு மூன்று என்ற அளவில் எரிச்சல் இருக்கும்போது சொல்வது எளிது, கேட்பதும் எளிது. எட்டைத் தாண்டிய பிறகு சொன்னால் எதிராளிக்குக் கேட்பது எரிச்சல் அல்ல, தாக்குதல்.

ஒரு வாக்கியத்துக்குள் நான்கு பகுதி இருந்தால் போதும்: உணர்வின் பெயர், அளவு, எதைப் பற்றியது, கேட்பவரிடம் என்ன வேண்டும். "கொஞ்சம் எரிச்சலா இருக்கு. உங்க மேல இல்ல, ஆபீஸ் விஷயம். அரைமணி நேரம் சும்மா இருந்துட்டு வரேன்." இதில் அதிகம் விடுபடுவது மூன்றாவதும் நான்காவதும். மூன்றாவதை விட்டால் கேட்பவர் தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வார். நான்காவதை விட்டால் தீர்வு சொல்லத் தொடங்கிவிடுவார், சொன்னவருக்கு "இவங்ககிட்ட ஏன்டா சொன்னோம்" என்று ஆகிவிடும்.

உணர்வின் பெயர் என்ற இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். "நீ என்னை மதிக்கலன்னு எனக்குத் தோணுது" என்பது உணர்வு அல்ல, குற்றச்சாட்டு. கேட்பவர் உடனே "எப்போ மதிக்கல?" என்று வழக்காடத் தொடங்குவார். "எனக்கு வருத்தமா இருந்தது" என்பதோடு யாரும் வழக்காட முடியாது. "டென்ஷன்" என்ற சொல்லையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துப் பாருங்கள். பயம், அவமானம், பொறாமை, களைப்பு, ஏக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரே சாக்குமூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். உணர்வுக்குச் சரியான பெயர் வைப்பதே அதன் வேகத்தைக் குறைக்கிறது. மேத்யூ லீபர்மன் 2007இல் மூளைப் படங்கள் எடுத்துப் பார்த்தபோது, கோபமான முகத்துக்குச் சொல்லால் பெயரிட்டவர்களுக்கு பயம் போன்ற உணர்வுகளில் பங்கெடுக்கும் மூளைப்பகுதியான அமிக்டலாவின் துடிப்பு தணிந்திருந்தது.

சொல்ல ஆள் இல்லை, அல்லது சொல்லும் நிலையில் இல்லை என்றால் எழுதலாம். ஜேம்ஸ் பென்னபேக்கரின் 1986 முறை: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், இலக்கணம் பார்க்காமல், யாருக்கும் காட்டாமல். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். நடந்ததை மட்டும் அறிக்கைபோல் எழுதினால் அந்தப் பலன் வராது. எழுதி முடித்த உடனே மனம் லேசாகும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்த நேரத்தில் மனம் கனக்கத்தான் செய்யும். முதல் நாளே நிறுத்திவிடுவது இதனால்தான்.

தம்பதிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. சண்டையின் நடுவில் ஒருவர் சுவராகிவிடுவதை ஜான் காட்மன் ஆய்வகத்தில் பலமுறை அளந்திருக்கிறார். அந்தச் சுவருக்குப் பின்னால் நாடித்துடிப்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 100ஐத் தாண்டியிருக்கும். அப்போது எத்தனை நியாயம் பேசினாலும் உள்ளே போகாது. குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும். ஆனால் எழுந்து போவதற்கும் இடைவெளி எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது: "இப்போ முடியல, ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஒன்பது மணிக்குத் தானாகவே வர வேண்டும். நேரம் சொல்லாமல் போனால் அதற்குப் பெயர் கதவைச் சாத்துவது. அந்த 20 நிமிடமும் "அவ இப்படிச் சொன்னா நான் அப்படிச் சொல்லணும்" என்று ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. நடக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம்.

பல வாரங்களாக எதிலும் எந்த உணர்வுமே எழவில்லை, அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிறது என்றால், மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம். அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

"ஒண்ணுமில்ல" என்ற பதிலைக் கேட்பவருக்கு

மகன் "ஒண்ணுமில்லப்பா" என்றால் அடுத்த நொடியே "இல்ல, ஏதோ இருக்கு, சொல்லு" என்று துளைப்பது பலருடைய வழக்கம். அது விசாரணை. அவன் இன்னும் இறுக மூடுவான். கேள்வியைவிடத் தகவல் நல்லது: "சாப்பிடும்போது பேசாம இருந்த, கவனிச்சேன். இப்போ சொல்லணும்னு இல்ல. பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்." நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்பதைவிட, ஏதோ வேலை செய்துகொண்டோ, பக்கத்தில் நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ இருக்கும்போது வாய் எளிதில் திறக்கும். முகத்தைப் பாதுகாக்க வேண்டிய வேலை அங்கே குறைவு.

முதலில் வருவது பெரும்பாலும் உண்மையான விஷயமாக இருக்காது. ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துணுக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். "கணக்கு டீச்சர் சரியில்ல" என்பதுபோல. அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மீதி. "இதுக்குப் போயா?", "நாங்க படாத கஷ்டமா?", "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" ஆகிய மூன்றும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவைக்கும். அறிவுரையும் அவசரப்பட்டால் அதே வேலையைத்தான் செய்யும். "ம், அப்புறம்?" என்பது போதும். நம் முகத்தையும் கொஞ்சம் அசைய விடலாம். சொன்ன விஷயம் நமக்குச் சங்கடமாக இருந்தால், சலனமில்லாமல் இருந்து காட்டுவதைவிட "கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நீ சொன்னது நல்லது" என்பது மேல்.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதற்குப் பிறகு வரும் வேலையை. சொன்னவர் அடுத்த நாள் சற்று விலகி நடப்பார், சொல்லியிருக்க வேண்டாமோ என்ற கூச்சம். அன்றே மறுபடி கிளறக்கூடாது, ஒரேயடியாக மறந்தும் போகக்கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டு, அவர் சொன்னதில் ஒரே ஒரு விவரத்தை அவர் சொன்ன சொல்லிலேயே எடுத்துச் சாதாரணமாகக் கேட்கலாம். "அந்தக் கணக்கு டீச்சர் திரும்ப ஏதாவது சொன்னாங்களா?" அதற்கும் "ஒண்ணுமில்ல" என்று பதில் வரலாம். வந்தால் விட்டுவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு முறை கேளுங்கள்.